மாற்றுச் சான்றிதழில் எழுதப்படாதது

ஏப்ரல் வந்தால் செய்தித்தாள்களில் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும்தான். வினாத்தாள் எளிதா கடினமா, திருத்தும் பணி எப்போது தொடங்கும், ரிசல்ட் எந்தத் தேதி என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அதே ஏப்ரலில் தமிழ்நாட்டின் ஏறத்தாழ 24 ஆயிரம் அரசுத் தொடக்கப் பள்ளிகளும் ஓர் ஆண்டை முடிக்கின்றன. அது செய்தியாவது அபூர்வம். அப்படியே செய்தியானாலும் 'ஒன்று முதல் ஐந்து வரை தேர்வுத் தேதி மாற்றம்' என்று இரண்டு வரிதான். ஒரு சின்ன ஊர்ப் பள்ளியைப் பொறுத்தவரை அடுத்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் வருவார்கள், அதை வைத்து எத்தனை ஆசிரியர்கள் இருப்பார்கள், ஐந்து முடித்த பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும், அந்தப் பிள்ளையைப் பற்றிப் புதுப் பள்ளிக்கு என்ன தெரியும் என்பதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சில வாரங்களில்தான் முடிவாகிறது. கடைசியாகச் சொன்னதைத்தான் நாம் கைவிட்டுவிட்டோம் என்பது என் எண்ணம். அது ஏன் என்று புரிய, ஆண்டு எப்படி முடிகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 மணி நேரப் பாடமும் வேண்டும். மழை விடுமுறை, உள்ளூர்த் திருவிழா என்று கைவிட்டுப்போகும் நாட்களைச் சனிக்கிழமை பள்ளி வைத்து ஈடுகட்டுவார்கள். 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. பருவத்துக்கு ஒரு புத்தகம், பருவத்துக்கு ஒரு தேர்வு. நூறு மதிப்பெண்ணில் 40 வகுப்பறைச் செயல்பாடுகளுக்கு, 60 பருவ இறுதித் தேர்வுக்கு. பிள்ளைகளின் பை கனம் குறைந்தது, ஆண்டு முழுவதையும் ஒரே பரிட்சையில் எழுதித் தீர்க்கும் பழக்கம் போனது, இரண்டுமே நல்ல காரியம். ஆனால் கூடவே வந்த ஒன்றைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. வீட்டில் நாம் இன்னும் 'முழுப் பரிட்சை' என்றுதான் சொல்கிறோம். ஏப்ரலில் நடப்பதோ மூன்றாம் பருவப் பாடத்துக்கான தேர்வு. முதல் பருவத்தில் கடன் வாங்கிக் கழித்தல் பிடிபடாமல் போன பிள்ளையிடம் ஏப்ரல் வினாத்தாள் அதைப் பற்றிக் கேட்காமலே போய்விடலாம்.

அந்த மூன்றாம் பருவம் இருப்பதிலேயே குட்டையானது. ஜனவரியில் பள்ளி திறந்த கையோடு பொங்கல் வந்துவிடும். அப்புறம் குடியரசு நாள், விளையாட்டுப் போட்டிகள், ஆண்டு விழா ஒத்திகை. "மூணாம் பருவம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது" என்று ஆசிரியர்கள் சொல்வது அதனால்தான். போதாததற்கு வெயில். 2025இல் தொடக்க வகுப்புகளுக்கு ஏப்ரல் 9 முதல் 21 வரை என்று அறிவித்திருந்த தேர்வை, வெப்பத்தைக் காரணம் காட்டி ஏப்ரல் 7 முதல் 17 வரை என்று முன்னுக்கு இழுத்தார்கள். 2024இல் ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. வாக்குச்சாவடி என்றாலே பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான், தேர்தல் பணியில் ஆசிரியர்கள்தான். தேர்வு அட்டவணையே தேர்தலைச் சுற்றிப் போட வேண்டியதாயிற்று. திறப்பும் அப்படித்தான். 2023இல் வெயிலால் இரண்டு முறை தள்ளிப்போய், ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பிள்ளைகளுக்கு ஜூன் 14 அன்றுதான் பள்ளி திறந்தது. 2024இல் ஜூன் 10. கூரை தாழ்ந்த வகுப்பறையில் ஆறு வயதுப் பிள்ளைகளை மதியம் வரை உட்காரவைப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இந்த மாற்றங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் சில பாட நாட்கள் கரைகின்றன என்பதும் உண்மைதான்.

ஆண்டு விழா ஒரு காலத்தில் பெரிய பள்ளிகளின் சொத்தாக இருந்தது. இப்போது அரசே நிதி கொடுப்பதால் சின்னப் பள்ளிகளிலும் பந்தல், மைக் செட், பிள்ளைகளின் நடனம் என்று ஊர் கூடுகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது கல்விச் சீர். கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோவதுபோல, பீரோ, நாற்காலி, மின்விசிறி, குடம், நோட்டுப் புத்தகம் என்று தாம்பூலத் தட்டுகளோடு மேளம் கொட்டி ஊரே ஊர்வலமாகப் பள்ளிக்கு வருகிறது. ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் தங்களுக்குள் காசு சேர்த்து ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுப்பது பல பள்ளிகளில் வழக்கம். தலைமையாசிரியர் அறையில் இந்த வகையில் வந்த கடிகாரங்கள் இரண்டு மூன்று வரிசையாகத் தொங்கும், ஒவ்வொன்றின் அடியிலும் ஆண்டு எழுதியிருக்கும்.

சரி, பாஸா ஃபெயிலா என்ற விஷயத்துக்கு வருவோம்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்: மே மாதத்தில் தபால்காரர் கொண்டுவரும் அஞ்சலட்டையில்தான் தேர்ச்சியா இல்லையா என்று தெரியும். கடைசிப் பரிட்சை அன்றே தன் கையால் விலாசம் எழுதி அந்த அட்டையைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். மூன்றாம் வகுப்பிலேயே இரண்டு முறை ஃபெயிலாகி அதோடு மாடு மேய்க்கப் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்திக்கொள்ள மாநிலங்களுக்கு வழிவிட்டது. தமிழ்நாடும் அந்த ஆண்டே இரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று அரசாணை போட்டது. பெற்றோரும் ஆசிரியர் இயக்கங்களும் கல்வியாளர்களும் கடுமையாக எதிர்த்ததால் 2020 பிப்ரவரி 4 அன்று அதைக் கைவிட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளுக்கு விதியை மாற்றியபோதும் தமிழ்நாடு தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் 3, 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்கிறது.

இது சரியான முடிவு என்று உறுதியாக நம்புகிறேன். பத்து வயதுப் பிள்ளையை ஃபெயிலாக்கினால் அது இன்னொரு முறை படித்துத் தேறிவிடும் என்பது வசதியுள்ள வீட்டுக் கணக்கு. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஃபெயில் என்றால் படிப்பு வரவில்லை என்று அர்த்தம், வேலைக்கு அனுப்பலாம் என்று அர்த்தம். ஆனால் பிள்ளையை நிறுத்தக் கூடாது என்பது சட்டத்தில் ஒரு பாதிதான். மறு பாதி, பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை ஆசிரியர் தொடர்ந்து கவனித்து எழுதிவைக்க வேண்டும் என்பது. 2010இல் வந்த ஒன்றிய மாதிரி விதிகளில், ஒவ்வொரு பிள்ளைக்கும், கற்றதைத் தொடர்ந்து சேர்த்து எழுதும் ஒரு திரள் பதிவேட்டை ஆசிரியர் வைத்திருக்க வேண்டும், எட்டாம் வகுப்பு முடியும்போது தரும் சான்றிதழுக்கு அதுவே அடிப்படை என்று தெளிவாகவே இருக்கிறது. முதல் பாதியைப் பற்றி ஊரெல்லாம் பேசினோம். இரண்டாம் பாதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பரிட்சை என்ற வடிகட்டியை எடுத்துவிட்ட இடத்தில் பிள்ளையின் கூடவே போகிற ஒரு குறிப்பு வந்திருக்க வேண்டும். அது வரவில்லை.

கூடவே போவது மாற்றுச் சான்றிதழ், டி.சி. அதில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பெயர், பெற்றோர் பெயர், நாட்டினம், மதம், சாதி. பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும். உடலில் அமைந்த அடையாளங்கள், 'வலது முழங்கையில் ஒரு மச்சம், நெற்றியில் ஒரு தழும்பு' என்று இரண்டு. சேர்ந்த நாள், விலகிய நாள். மேல் வகுப்புக்கு உயர்வு பெறத் தகுதி உண்டா என்ற கேள்வி, ஆம். நடத்தை, நன்று. பிள்ளை ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசிக்குமா, வகுத்தல் தெரியுமா, கரும்பலகை எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்பதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

ஏப்ரலில் இந்தத் தாளைச் சுற்றி நடக்கும் வேலை கொஞ்சமல்ல. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் விவரங்களைச் சேர்க்கைப் பதிவேட்டோடும் ஆதாரோடும், மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் இணையதளத்தோடும் ஒப்பிட வேண்டும். சேர்க்கும்போது பாட்டி சொன்ன பெயர் ஒன்று, ஆதாரில் வேறு. அப்பா பெயரின் முதல் எழுத்து தமிழில் 'சு', ஆங்கிலத்தில் ஒன்றில் 'எஸ்', இன்னொன்றில் 'சி'. பிறந்த தேதி ஒரு நாள் மாறியிருந்தாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்வரை அது துரத்தும் என்பதால் ஆசிரியர்கள் பயந்து பயந்துதான் பார்ப்பார்கள். எல்லாம் சரியானதும் எமிஸ் தளத்தில் அந்தப் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். "காமன் பூல்ல விட்டாச்சா சார்?" என்று ஆறாம் வகுப்புப் பள்ளியிலிருந்து போன் வரும். அந்தப் பள்ளி அங்கிருந்து பிள்ளையை எடுத்துக்கொள்ளும். இந்தப் பள்ளியின் பட்டியலில் ஒரு பெயர் குறையும்.

அந்த ஒரு பெயர் குறைவதுதான் தலைமையாசிரியரின் பெரிய கவலை. சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 அன்று இருக்கிற எண்ணிக்கையை வைத்துப் பணியிடத்தைக் கணக்கிடுகிறார்கள். 64 பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஐந்தாம் வகுப்பிலிருந்து 14 பேர் போய், முதல் வகுப்பில் 9 பேர்தான் சேர்ந்தார்கள் என்றால் மூன்றாவது ஆசிரியர் 'உபரி'. பணிநிரவலில் அவர் வேறு ஊருக்குப் போவார். ஐந்து வகுப்பை மூன்று பேர் பார்த்த இடத்தில் இனி இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவருக்கு வட்டார அலுவலகக் கூட்டம், இணையப் பதிவு, உணவுக் கணக்கு எல்லாம் உண்டு. அந்த நாட்களில் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். அதைப் பார்க்கிற பெற்றோர் அடுத்த பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். எண்ணிக்கை இன்னும் குறைகிறது.

ஆகவே மார்ச், ஏப்ரலிலேயே சேர்க்கைப் பேரணி. பிள்ளைகள் தட்டி பிடித்து முன்னால் நடக்க, ஆசிரியர்கள் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டே பின்னால் வருவார்கள். காலை உணவு உண்டு, மதியச் சத்துணவு உண்டு, சீருடை, புத்தகம், பை, காலணி எல்லாம் இலவசம், அரசுப் பள்ளியில் படித்தால் உயர்கல்வியில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு என்று அந்த நோட்டீஸில் இருக்கும். உண்மையான வேலை பேரணியில் இல்லை, சாயங்காலத்தில் இருக்கிறது. நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள் வீடு திரும்பிய பிறகு, வீடு வீடாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும். "போன வருசம் நாலு பேரு வந்து கேட்டாங்க டீச்சர், ஏற்கனவே கான்வென்ட்ல ஃபீஸ் கட்டிட்டோம்" என்று பதில் வரும்.

இதில் ஆசிரியரால் சரிசெய்ய முடியாத ஒரு வயதுக் கணக்கும் இருக்கிறது. முதல் வகுப்பில் சேர ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறைய வேண்டும். தனியார் பள்ளி மூன்று வயதிலேயே எல்.கே.ஜி. என்று கூப்பிடுகிறது. 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. தனித் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் நின்றன. சட்டத்தின் 12(1)(சி) பிரிவில் தனியார் பள்ளியில் ஒதுக்கிய 25 சதவீத இலவச இடங்களில் ஒன்று கிடைத்தால் நலிந்த வீட்டுப் பிள்ளையும் அங்கேதான் நுழைகிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஐந்து வயதில் போய்க் கதவைத் தட்டும்போது பிள்ளை இரண்டு ஆண்டாக வேறு பள்ளியில் இருக்கிறது.

நான் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. வருகிற பிள்ளையின் மேல்தான் பள்ளியின் உயிர் என்று ஆகிவிட்ட பிறகு, போகிற பிள்ளையை உட்காரவைத்து 'இவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது' என்று எழுத யாருக்கு நேரம்? ஏப்ரல் மாதத்தின் கவனம் முழுக்க வாசல் பக்கம் இருக்கிறது. மற்ற வகுப்புகளுக்கு இதனால் பெரிய நட்டமில்லை, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஜூனில் அதே டீச்சரிடமோ பக்கத்து அறையிலோ இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத்தான் தொடர்பு அறுந்துபோகிறது.

2025 ஏப்ரலில் ஐந்து முடித்த பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முதல் வகுப்பில் சேர்ந்தது 2020இல். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. முதல் வகுப்பை அவர்கள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிக்கவே இல்லை. வகுப்பறைக்குள் முதன்முதலாகக் கால்வைத்தபோது அவர்கள் இரண்டாம் வகுப்பு. அந்த இடைவெளிக்காகத்தான், தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டுக்கு அருகிலேயே சொல்லிக்கொடுத்த 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. பின்னர் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும். அதன் அடிப்படை எளிமையானது: வகுப்பு எதுவாக இருந்தாலும் பிள்ளை இருக்கிற இடத்திலிருந்து தொடங்கு. எழுத்திலேயே தடுமாறும் பிள்ளை அரும்பு, ஒரு படி மேலே மொட்டு, வகுப்புக்குரிய நிலையில் இருந்தால் மலர். ஒரே வகுப்பில் மூன்று குழு, மூன்று பயிற்சி.

இதன் பயன் என்னவென்றால், ஐந்தாம் வகுப்பு ஆசிரியருக்கு ஏப்ரலில் ஒவ்வொரு பிள்ளையையும் பற்றி முன்பு எப்போதையும்விடத் துல்லியமாகத் தெரியும். யார் மொட்டில் நிற்கிறார்கள், யார் தமிழில் மலர் ஆனால் கணக்கில் அரும்பு என்று விரல்விட்டுச் சொல்வார். பரிட்சைத் தாளில் தெரியாதவையும் அவருக்குத் தெரியும். ஒருத்தி வாய்விட்டு வாசிக்கக் கூச்சப்படுவாள், தனியாகக் கூப்பிட்டால் அழகாக வாசிப்பாள். ஒருவன் வாரத்தில் இரண்டு நாள் வராததற்குக் காரணம் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. ஒருவனுக்கு ஒரு காது மந்தம், முன்பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும். மே மாதம் இத்தனையும் அந்த டீச்சரின் தலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கலந்தாய்வில் அவர் மாறுதல் வாங்கிக்கொண்டு போனால் அந்த ஊரிலிருந்தே போய்விடுகிறது.

ஜூனில் ஆறாம் வகுப்பு. ஐந்து முடித்த பிள்ளை அந்தச் சின்னப் பள்ளியின் அண்ணனாகவோ அக்காவாகவோ இருந்தது. மணி அடித்தது, வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறள் சொன்னது, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளை வரிசையில் நிறுத்திச் சாப்பிட அழைத்துப்போனது. இப்போது பிளஸ் டூ வரை உள்ள பள்ளியில் எல்லோரையும்விடச் சின்னது. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தது, உயர் தொடக்க வகுப்புக்கு மூன்று கிலோமீட்டர் வரை போகலாம் என்பது விதி. இலவச பஸ் பாஸ் உண்டு, பஸ் வர வேண்டுமே. எல்லாப் பாடத்துக்கும் ஒரே டீச்சர் இருந்த இடத்தில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், பீரியடுக்கு ஒரு முகம். மூன்று நான்கு ஊர்களின் பிள்ளைகள் ஒரே வகுப்பில். கணக்கு ஆசிரியர் வருகிறார், தன்னைச் சுற்றி நாற்பது புதுப் பிள்ளைகள். யாருக்குக் கழித்தல் வரும், யாருக்கு வராது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவரும் ஒரு சோதனை வைத்துப் பார்க்கிறார். 2025-26இல் ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கிய பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய 'திறன்' என்ற திட்டமும் இப்படி ஓர் அடிப்படை மதிப்பீட்டோடுதான் ஆரம்பிக்கிறது. நல்ல திட்டம், தேவையான திட்டம். ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற இன்னொரு அரசுப் பள்ளி ஆசிரியர் ஏப்ரலிலேயே அறிந்ததை, ஜூலையில் முதலிலிருந்து கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் வருத்தம்.

இடையில் ஒன்றரை மாத விடுமுறை வேறு. வாசிப்பு இன்னும் காலூன்றாத பிள்ளைக்கு அது நீண்ட காலம். எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை, கையில் ஒரு கதைப் புத்தகமும் இல்லாமல் மே முழுவதும் கழித்தால் ஜூனில் ஒரு படி கீழிறங்கித்தான் வரும். சாப்பாடும் நிற்கிறது. காமராசர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலை 1இல் தொடங்கிய எம்.ஜி.ஆரின் சத்துணவு, கலைஞர் காலத்து முட்டை, 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த தட்டு அது. பள்ளி நாளில் இரண்டு வேளை அங்கே சாப்பிடும் பிள்ளைக்குக் கடைசித் தேர்வோடு இரண்டும் நின்றுவிடும். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது நம் அரசே அரிசி, பருப்பாக வீட்டுக்குக் கொடுத்தது. விடுமுறையிலும் முடியும் என்பதற்கு அந்த அனுபவமே போதும். குறைந்தபட்சம் மலைக் கிராமங்களிலும் வறட்சி வட்டாரங்களிலுமாவது தொடங்கலாம்.

ஏப்ரல் வரைகூட வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஊர்களிலிருந்து செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் பொங்கல் முடிந்து கிளம்பினால் மழைக்காலம் நெருங்கும்போதுதான் திரும்புகிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு மூன்றாம் பருவம் என்பதே கிடையாது. பெயர் பட்டியலில் இருக்கும், ஐந்தாம் வகுப்பு முடித்ததாகவும் ஆகும். டி.சி. வாங்க யாரும் வர மாட்டார்கள். டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டி எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை ஜூனில் ஆறாம் வகுப்பு வாசலுக்கு வந்ததா என்று போய்ப் பார்ப்பது யார் பொறுப்பு? பழைய பள்ளியின் கணக்கில் அது இல்லை, புதுப் பள்ளியின் கணக்கில் இன்னும் ஏறவில்லை. இடைநிற்றல் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி இந்த இரண்டு பதிவேடுகளுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

இதற்குப் புதுத் திட்டமோ புதுச் செயலியோ வேண்டாம். ஆசிரியர்கள் ஏற்கெனவே பதிவேற்றியே களைத்துப்போயிருக்கிறார்கள், இன்னொரு பக்கத்தை எமிஸில் சேர்த்தால் அதுவும் 'டிக்' அடிக்கும் கட்டமாகிவிடும். வேண்டியது இரண்டு ஆசிரியர்கள் நேரில் பேசுவது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையங்களில் ஆசிரியர் கூட்டம் நடத்தும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஏப்ரல் மாதக் கூட்டத்தை இதற்கென்றே வைக்கலாம். ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தொடக்கப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களும் அந்தப் பள்ளியின் ஆறாம் வகுப்பு ஆசிரியர்களும் அரை நாள் ஒன்றாக உட்கார்ந்தால் போதும். டி.சி.யோடு பிள்ளைக்கு ஒரு பக்கம், கையால் எழுதியது. தமிழில் எந்த அளவு வாசிக்கும், கணக்கில் எங்கே நிற்கிறது, எது பிடிக்கும், எதற்குப் பயப்படும், வீட்டில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும், கண் காது எப்படி, சென்ற ஆண்டில் எத்தனை நாள் வரவில்லை, ஏன். ஜூன் இறுதியில் ஆறாம் வகுப்பு ஆசிரியர் அந்தப் பட்டியலைத் திருப்பி அனுப்ப வேண்டும், யார் யார் வந்து சேர்ந்தார்கள், யார் வரவில்லை என்று குறித்து. வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் பழைய பள்ளியின் மேலாண்மைக் குழுப் பெற்றோர். அவர்கள் அதே ஊர்க்காரர்கள், வீடு தெரியும்.

இரு ஆசிரியர் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் பெரும்பாலும் பத்துப் பிள்ளைகளுக்குக் கீழேதான். பத்துப் பக்கம் எழுத ஒரு மாலை ஆகும். தேர்வு முடிந்து, விடைத்தாள் கட்டிவைத்து, கடைசி வேலை நாள் வருவதற்கு முந்தைய வாரத்தில் அந்த ஒரு மாலையை வட்டாரக் கல்வி அலுவலர் சேர்க்கைப் பேரணிக்குக் கேட்காமல் விட்டுக்கொடுக்க வேண்டும்.